கவரின் மேல் இருக்கும் விலாசம்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் சுகம். அங்கே உன் சுகத்துக்கு எழுதவும்.

கையால் கடிதம் எழுதிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். மெயிலில் அனுப்பினால் வைரஸ் என்று நீயும் அழித்துவிடுவாயோ என்றுதான் பேப்பரில் எழுதுகிறேன். சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. வேறு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். இதைக் கொண்டு வருகிறவன் உன் சித்தப்பா வீட்டுச் சின்னவன். பெங்களூரில் ஏதோ இன்டர்வியூவாம். பையில் பென்டிரைவ் எதுவும் இல்லை, நானே துழாவிப் பார்த்துவிட்டேன். பசியோடு வருவான், முதலில் சோறு வாங்கிக் கொடு.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பி.ஏ.பி. வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். நம் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் அடைத்தும் விட்டார்கள். கொப்பரை களத்தில் காய்கிறது. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் அது கெட்டுப்போனது உனக்குத் தெரியும். எப்படிக் கெட்டது என்று நான் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் சின்னவனைத் தின்றுவிடுவாய். அவன் சிநேகிதன் கல்யாணத்துக்கு பிளக்ஸ் அடிக்க வேண்டும் என்று, காசு கொடுத்து வாங்க வேண்டிய போட்டோ சாஃப்ட்வேரை ஓசியில் எங்கேயோ இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்தான். கூடவே ஒரு துண்டுக் குறிப்பு. அதில் முதல் வரியே, 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.' விண்டோஸோடு வந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் சிவப்பாகக் காட்டி ஆகாது ஆகாது என்று கத்தியது. அவன் அதை அணைத்தான். நான் பக்கத்தில் காப்பி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் குரைக்கிறது என்று நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குத் திண்ணையில் பாய் விரித்த கதை.

விடிந்து பார்த்தால் ஒரு படம்கூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்து வால் ஒன்று முளைத்திருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சீட்டு: பூட்டியதைத் திறக்கச் சாவி வேண்டுமென்றால் 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் 490 போதும். பாதி விலைக்குத் தள்ளுபடி! ஈரோட்டு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி தோற்றது போ. காங்கயத்தில் ரிப்பேர் பார்க்கிற தம்பி பார்த்ததுமே சொல்லிவிட்டான், ஓசி சாஃப்ட்வேர் தேடுகிற வீடுகளில் இது சகஜமாம். சில வகைக்கு இலவசமாகவே மாற்றுச் சாவி கிடைக்குமாம், நமக்கு வந்ததற்குக் கிடைக்கவில்லை. பணம் கட்டினாலும் சாவி தருவான் என்று என்ன நிச்சயம் என்றான்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. நீ வாங்கிக் கொடுத்த ஹார்ட் டிஸ்க், பீரோவில் உங்க அமுச்சியின் கூறைச்சேலைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. "காப்பி எடுத்ததும் கழட்டி வெச்சுருங்கப்பா, சொருகியே வெச்சிருந்தீங்கன்னா அதையும் சேர்த்துத் தின்னுரும்" என்று நீ சொல்லிவிட்டுப் போனதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். தையில் எடுத்த காப்பி. அதுவரைக்கும் உள்ளது எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. நம் வலசில் எந்த வீட்டுப் பிள்ளை பெற்றவனுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது? ரிப்பேர்க்காரத் தம்பியிடம் உன்னைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். பங்குனி நோம்பிக் கணக்கு மட்டும் போயிற்று. சிட்டை நோட்டு இருந்ததால் மறுபடி எழுதி ஊரார் முன்னால் வாசித்துவிட்டேன். உன் கல்யாண ஆல்பமும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. அதை என்ன செய்வது என்று உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

உன் பாஸ்வேர்டை எல்லாம் மாற்றிவிட்டாயா?

இப்போது நான் எந்த ஃபைலைப் பார்த்தாலும் முதலில் வாலைத்தான் பார்க்கிறேன். நம்முடையது பழைய பெட்டி, 2025 அக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10க்கு வழக்கமாக வருகிற பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதாம். ரிப்பேர்க்காரத் தம்பி புதுசு வாங்கச் சொல்கிறான். அது கிடக்கட்டும். 'வியூ' பக்கத்தில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்து வைத்தால் வால் தெரியும் என்று சின்னவனுக்கே நான் காட்டிக் கொடுத்தேன். எல்லாம் நீ சொன்னதுதான். காலேஜில் படிக்கையில் லீவுக்கு வந்து, இதே ஆசாரத்தில் உட்கார்ந்து சந்தகை தின்றுகொண்டே 'ஐ லவ் யூ' வைரஸ் கதையைச் சொன்னாயே. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸில் இருந்து கிளம்பியது. தெரிந்தவர் பெயரிலேயே மெயில் வரும், உள்ளே காதல் கடிதம் என்று ஒரு ஃபைல். பார்த்தால் வெறும் டெக்ஸ்ட் மாதிரி இருக்கும், அதற்குப் பின்னால் இருந்த 'விபிஎஸ்' என்கிற நிஜ வாலை விண்டோஸ் மறைத்து வைத்திருந்தது. திறந்தால் படங்களை அழித்துவிட்டு, விலாசப் புத்தகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தானே கடிதம் போட்டுக்கொள்ளும். "அந்த வாரம் நெசமாலுமே லவ் லெட்டர் எழுதுனவன் கதி என்னப்பா ஆயிருக்கும்?" என்று சொல்லிச் சிரித்தாய். உனக்குப் புரையேறி அம்மா தலையில் தட்டினாள்.

இப்போது காதல் கடிதத்துக்குப் பதில் கல்யாணப் பத்திரிகை. மேலத்தோட்டத்துப் பண்ணாடிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. வாலைப் பார்த்தால் 'ஏபிகே', போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதானே வரும்? அவர் தொட்டார், இன்ஸ்டால் ஆயிற்று, மறுநாள் அவர் நம்பரிலிருந்து ஒறம்பரை அத்தனை பேருக்கும் அதே பத்திரிகை. நல்லவேளை உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் போட்டார், பேங்கிலும் சொல்லி நிறுத்தினார், பணம் தப்பியது. தெரிந்தவர் பெயரில் வந்தாலும் திறக்காதீங்கப்பா, முதலில் போன் பண்ணி நீங்கதான் அனுப்பினீங்களான்னு கேளுங்க. உன் சட்டம் அது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நீ பேசி 41 நாள் ஆகிறது. ஒரு போன். பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூட ஒரு போன் இல்லை. செவலை கன்று போட்ட அன்றைக்குப் படம் எடுத்து அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். ஆறு தடவை அடித்தேன், நீ எடுக்கவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை என்பது தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன், எழுதியதை அடித்து அழிக்கவில்லை.

பாஸ்வேர்டை மாற்று கண்ணு. இதைத்தான் எழுத வந்தேன்.

முந்தாநாள் பொழுதோட மாப்பிள்ளை போனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். "மாமா, அவ உங்களுக்கு மூணு பக்கம் எழுதியிருக்கா, படிச்சிருப்பீங்க. ரெண்டாவது பக்கத்துல இருக்கறத நம்பாதீங்க" என்றார். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் சில்லென்று போயிற்று. நீ எனக்கு மட்டும்தான் அனுப்பினாய். அம்மாவுக்குக்கூட அனுப்பவில்லை. பக்கத்தின் எண்ணிக்கை அவருக்கு எப்படித் தெரியும்? அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தவரும் அவர்தானே. நிச்சயத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் அதை எடுத்துக் காட்டிப் பெருமை பேசியவன் நான்.

"ஏதோ ஃபைல் வந்துச்சுங்க மாப்பிள்ளை, வைரஸ்னு அழிச்சுட்டனுங்க, ஒண்ணும் படிக்கலீங்க" என்று சொன்னேன். அந்தப் பொய் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

கவரைக் கையில் வாங்கியதுமே உனக்குப் புரிந்திருக்கும். இந்த ஹாஸ்டல் விலாசத்தை நீ யாருக்கும் சொல்லவில்லை. அது இருந்தது ஒரே இடத்தில்தான், உன் மூன்றாவது பக்கத்தின் அடியில்.

நான் திறந்தேன் கண்ணு. வந்த அன்றைக்கே திறந்தேன். வாலைப் பார்த்தேன், பிடிஎஃப். உன் பெயர், உன் எழுத்து. உன் சட்டப்படி பார்த்தால்கூட நான் போன் பண்ணி, நீதான் அனுப்பினாயா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. படித்தேன். மோட்டார் ரூமுக்குப் போய்த் தண்ணீர் தொட்டி ஓரமாக இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். ராத்திரி அம்மா சீரியல் பார்க்கையில் பிரின்ட் எடுத்தேன். என்ன சத்தம் என்று கேட்டாள், கோயில் நோட்டீஸ் என்றேன். மறுநாள் நீ பேசினபோது, "பாப்பா, ஏதோ ஃபைல் வந்துச்சு, தெரியாததத் திறக்காதீங்கன்னு நீதான சொன்னே, அழிச்சுட்டேன்" என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரிங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் பொய் சொல்கிறேன் என்று உனக்கு அப்போதே தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆவணியில் சித்தப்பா வீட்டுப் பெரியவள் கல்யாணம். வருகிற ஒறம்பரை எல்லாம் மாப்பிள்ளை வரலையா என்று கேட்கும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். படித்தேன் என்று ஒத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னால் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். முப்பது வருஷம் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதினவன். ஐந்தொகையில் ஒரு ரூபாய் உதைத்தால் தூங்காதவன். இதை மட்டும் 41 நாள் உதைக்க விட்டுவிட்டுச் சோறு தின்றிருக்கிறேன்.

அதுமட்டுமா? பங்குனி நோம்பிக்கு வந்திருந்தாய். அந்த வெயிலில் முழுக்கைச் சுடிதார். ஏன் கண்ணு இப்படிப் புழுங்குதே என்று அம்மா கேட்டாள். நீ வாய் திறப்பதற்கு முன்னால், "ஆபீஸ்ல ஏசி, பழகிப்போச்சு" என்று பதில் சொன்னது நான். மாவிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் புரியாமல் இல்லை.

ரிப்பேர்க்காரத் தம்பியிடம் யாருக்கு என்று சொல்லாமல் கேட்டுவந்தேன். அவன் சொன்னபடி செய். அந்த லேப்டாப்பிலிருந்து எதையும் மாற்றாதே. உளவு பார்க்கிற சாஃப்ட்வேர் ஏதாவது உள்ளே இருந்தால் நீ தட்டுகிற புதுப் பாஸ்வேர்டும் அங்கே போய்விடும். வேறு கம்ப்யூட்டரில் இருந்து மாற்று. நன்றாகக் கேள், வேறு கம்ப்யூட்டரில் இருந்து. பாஸ்வேர்டு மறந்தால் கேட்கிற ரிகவரி நம்பர் யாருடையது என்று பார், உன்னுடையதாக ஆக்கு. எந்தெந்த இடத்தில் உன் மெயில் திறந்து கிடக்கிறது என்று பட்டியல் காட்டுமாம், தெரியாத அத்தனையையும் வெளியேற்று. உனக்கு வருகிற மெயில் இன்னொருத்தருக்கும் தானாகப் போகிற மாதிரி 'ஃபார்வேர்டிங்' போட்டிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார், வேறு எங்கே திறந்திருக்கிறது என்று தெரியும். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொன்றும் கேட்கிற இரண்டடுக்குப் பூட்டுப் போடு. இதெல்லாம் உனக்குத் தெரியும், நீ சொல்லிக்கொடுத்துத்தான் நான் கற்றேன். ஆனாலும் அவரவர் வீட்டுக் கதவை அவரவர் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டை மாற்று.

லேப்டாப்பை முழுசாக அழித்துப் புதுசாகப் போடச் சொல்லி அவன் சொன்னான். அவசரப்பட்டு அழித்துவிடாதே. சாட்சி வேண்டுமென்றால் அதில்தான் இருக்கும், அணைத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்று வக்கீலம்மா சொன்னார்கள். நேற்றுக் காலையில் தாராபுரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் போனேன். வேறு எதுவும் பேசவில்லை, என்னென்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுதி வாங்கி வந்திருக்கிறேன்.

விலாசம் அந்த மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதைப் பற்றி மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வெசனம் அதுதான். ராத்திரியில் தனியாகக் கீழே இறங்காதே. வார்டனிடம் சொல்லி வை.

அம்மாவுக்கு நேற்று ராத்திரி பிரின்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு மூன்று பக்கமும் படித்தாள். "புள்ள எங்கிட்ட எழுதாம உங்ககிட்ட எதுக்குங்க எழுதுச்சு?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. காலையில் எழுந்து மாடி ரூமைக் கூட்டிக் கழுவி விட்டிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே செய்தாள்.

வா என்று நீ சொன்னால் ராத்திரி பஸ்ஸிலேயே புறப்பட்டுவிடுவேன். கூப்பிடாமல் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: நம் வீட்டு மெயில் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். பழையது மாப்பிள்ளைக்கும் தெரியும் அல்லவா. புதுசு என்னவென்று இதில் எழுதவில்லை, பாஸ்வேர்டைப் பேப்பரில் எழுதக்கூடாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். சின்னவன் போனில் இருந்து கூப்பிடு, சொல்கிறேன்.