பத்தாம் வகுப்பு என்பதற்காகப் பென்சிலைப் பிடுங்க வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வீட்டுக்குப் போன கையோடு நம் ஊர் வீடுகளில் ஒன்று நடக்கும். கிரிக்கெட் மட்டை பரணுக்குப் போகும், கீபோர்டு துணி சுற்றி அலமாரி மேல் ஏறும், சிலம்பத்துக்குப் போகிற பிள்ளையிடம் "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள், கலர் பென்சில் டப்பாவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் இது எழுதப்படாத சட்டம். இப்போது ஒன்பதாவதிலேயே, சில வீடுகளில் எட்டாவதிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளை உயிராக நினைக்கிற ஒன்றைப் படிப்பின் பெயரால் எடுத்துவிடுவது, அதுவும் தண்டனையாக எடுப்பது, அந்தப் பிள்ளையின் மனதையும் வீட்டில் இருக்கிற ஒட்டுதலையும் என்ன செய்கிறது என்று கிட்ட இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பையனுக்குப் பேருந்து என்றால் பைத்தியம். அவன் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். சின்ன வயதில் லீவு நாட்களில் அப்பாவோடு டூட்டிக்குப் போய் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததில் பிடித்துக்கொண்ட ஆசை அது. ஃபோம் ஷீட் வாங்கி வந்து, பேருந்து நிலையத்தில் நின்று கண்ணாலேயே அளவெடுத்து, கும்பகோணம் - தஞ்சாவூர் வண்டியைச் சின்னதாக அப்படியே செய்வான். வழி பாபநாசம், அய்யம்பேட்டை என்று போர்டு எழுதியிருப்பான், உள்ளே கம்பி இருக்கும், படிக்கட்டு இருக்கும், கண்டக்டர் சீட் இருக்கும். கரூரில் பாடி கட்டின வண்டியை முகத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கே பாடம் எடுப்பான். கணக்கில் விகிதம் வரவில்லை என்று வகுப்பில் திட்டு வாங்குகிற பையன், ஒரு பெரிய வண்டியின் நீளம், உயரம், சக்கரம், ஜன்னல் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைத்துக் கையில் கொண்டுவந்து கொடுப்பான்.

பத்தாம் வகுப்பில் காலாண்டு, அரையாண்டு இரண்டிலும் மார்க் இறங்கியது. அவன் பள்ளிக்கு வந்திருந்த ஒரு நாள், அப்பா அத்தனை வண்டிகளையும் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டுவிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. "நான் படுற பாடு அவன் படக்கூடாது சார், கண்ணு முழிச்சு ஸ்டியரிங் பிடிக்கிற பொழப்பு என்னோட போகட்டும்" என்று என்னிடம் சொன்னார். அந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையன் இத்தனை நாள் செய்துகொண்டிருந்தது அவர் ஓட்டுகிற வண்டியைத்தான். அதற்கு முன்பெல்லாம் ராத்திரி அப்பா டூட்டி முடிந்து வந்தால், இன்றைக்கு எந்த வண்டி கொடுத்தார்கள், பிரேக் எப்படி இருந்தது, எந்த ரூட்டில் புது வண்டி விட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே கூட உட்கார்ந்து சாப்பிடுவானாம். அதற்கு அப்புறம் சாப்பிட்டியா, படிச்சியா என்று இரண்டு கேள்வி, இரண்டுக்கும் ஒரே "ம்", அவ்வளவுதான் பேச்சு என்று அவன் அம்மா பள்ளிக்கு வந்து சொல்லி அழுதார். பொதுத்தேர்வில் அவன் தேர்ச்சி பெற்றான், மார்க் எப்போதும் எடுக்கிற அளவுதான். வண்டி செய்யாததால் மிச்சமான நேரம் புத்தகத்துக்குப் போகவில்லை, செல்போனுக்குப் போனது.

பெற்றோர் பலரும் கணக்கில் தவறுவது இங்கேதான். தினமும் ஒரு மணி நேரம் வரைகிறான், அதை நிறுத்தினால் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படிப்பான் என்று நினைக்கிறார்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், பகல் முழுக்கப் பள்ளி, சாயங்காலம் மறுபடி ஸ்பெஷல் கிளாஸ், அப்புறம் டியூஷன் என்று வீடு திரும்ப ராத்திரி எட்டரை, ஒன்பது ஆகிற பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மூச்சு விடுகிற நேரம். அதைப் பறித்தால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் போர்வைக்குள் செல்போன். அதற்கும் ஒரு சண்டை.

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை "எனக்கு மனசு சரியில்லை" என்று வந்து சொல்லாது. அது எங்கே தெரியும் என்றால் அதற்குப் பிடித்த காரியத்தில் தெரியும். தினமும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்குகிற பெண் ஒரு வாரம் ஒன்றும் வரையவில்லை என்றால் நான் கூப்பிட்டு விசாரிப்பேன், பெரும்பாலும் ஏதாவது இருக்கும். வீட்டில் அப்பா அம்மா சண்டை, தோழியோடு பிணக்கு, பாட்டி ஆஸ்பத்திரியில். வரையச் சொல்லிக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கை நகர நகர வாயும் திறக்கும். பந்து விளையாடுகிற பிள்ளை மைதானத்துக்கு வராததை வைத்து உடற்கல்வி ஆசிரியர் கண்டுபிடிப்பார். அந்த நோட்டையும் மைதானத்தையும் நாமே மூடிவிட்டால் பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு வேறு என்ன வழி இருக்கிறது? மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன, 10 முதல் 19 வயது வரையிலானவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாக அந்த வயதைப் பார்த்துத்தான் நாம் "இனிமேல் விளையாட்டு கிடையாது" என்கிறோம்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். அவர்களுக்குப் பத்தாவது வரைகூடக் காத்திருப்பதில்லை. வயதுக்கு வந்ததும் கபடி நின்றுவிடுகிறது, சைக்கிள் நின்றுவிடுகிறது, "பொம்பளப் புள்ளைக்கு என்ன ஆட்டம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சென்னைக் கண்ணகி நகரிலிருந்து போய் 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்று வந்த கார்த்திகாவைப் பாராட்டாத வீடு இல்லை. பாராட்டின அதே வீட்டில் பதின்மூன்று வயது மகள் டவுசர் போட்டு விளையாடக் கூடாது.

இப்படிப் பேச ஆரம்பித்தால் சிலர் எனக்கு ஆதரவாகவே ஒரு வாதம் வைப்பார்கள். "விடுங்க, விட்டாத்தான் குகேஷ் மாதிரி வருவான்" என்று. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் சதுரங்க உலகச் சாம்பியன் ஆன பிள்ளை நம் சென்னைப் பிள்ளை, பெருமைதான். ஆனால் இந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. பதக்கம் வாங்கினால்தான் அந்த ஆசைக்கு மதிப்பு என்று ஆகிவிட்டால், மாவட்டப் போட்டியில்கூடத் தேர்வாகாத பிள்ளை என்ன செய்யும்? சுமாராகப் பாடுகிற பிள்ளை பாடக் கூடாதா? என்னிடம் படித்தவர்களில் ஓவியத்தையே தொழிலாக எடுத்து எங்கள் ஊர் அரசு கவின் கலைக் கல்லூரிக்குப் போனவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கடை வைத்திருக்கிறார்கள், நர்ஸாக இருக்கிறார்கள், துபாயில் வேலை பார்க்கிறார்கள். அவர்களும் வரைந்தார்கள், சந்தோஷமாக இருந்தார்கள், அந்தச் சந்தோஷம் அந்த வயதில் அவர்களுக்குத் தேவையாக இருந்தது. அது போதாதா?

அந்தச் சதுரங்கக் கதைகளில் நான் எடுத்துக்கொள்வது வேறு. விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டம் சொல்லிக் கொடுத்தது அவர் அம்மா சுசீலா. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவுக்கு மணிலாவில் பணி கிடைத்து அங்கே குடியிருந்தபோது, மதியம் தொலைக்காட்சியில் சதுரங்கப் புதிர் வருமாம். பையன் பள்ளியில் இருக்கிற நேரம் அது. அம்மா உட்கார்ந்து அதைக் குறித்து வைப்பார், மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து விடை தேடுவார்கள். மகன் உலகச் சாம்பியன் ஆவான் என்று அப்போது யாருக்குத் தெரியும்? பிள்ளைக்குப் பிடித்ததில் அம்மாவும் கூட உட்கார்ந்தார், அவ்வளவுதான். வைஷாலியை அவர் பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தது டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான், கூடவே ஓவிய வகுப்பிலும் சேர்த்தார்கள் என்று படித்தபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அக்கா ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தா காய் நகர்த்தக் கற்றுக்கொண்டார். செல்போன் பார்க்கிறான் என்று அலுத்துக்கொள்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஒன்றைக் குறைக்க இன்னொன்றைக் கையில் கொடுத்தார்கள். நாம் கையில் இருப்பதைப் பிடுங்கிவிட்டுச் செல்போனை மட்டும் மிச்சம் வைக்கிறோம்.

கும்பகோணத்துக்காரன் என்பதால் ராமானுஜனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசுகளோடு முடித்து, உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் போகாததால் உதவித்தொகை பறிபோனது. 1905-இல், பதினேழு வயதில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டை நினைவிடமாக வைத்திருக்கிறோம், பள்ளிக் குழந்தைகளை வரிசையாக அழைத்துப் போய்க் காட்டுகிறோம். அவர் மேதை என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், அந்த வயதில் அந்தப் பையன் ஏன் வீட்டை விட்டுப் போனான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கூட வருகிற பெற்றோருக்கு உபயோகமாக இருக்கும்.

வீட்டை மட்டும் சொல்லிவிட்டுப் பள்ளியை விட முடியாது. ஓவியம், பி.டி. பீரியடுகளைப் பொதுத்தேர்வுப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது எல்லா வகைப் பள்ளிகளிலும் நடக்கிறது. டைம்டேபிளில் மட்டும் அந்தப் பாடம் இருக்கும், வகுப்பில் கணக்கு நடக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009 விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படிக்கிற பள்ளியில் கலைக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது, பிள்ளை அச்சமும் பதற்றமும் இல்லாமல் கற்க வேண்டும் என்கிறது. அந்த அடிப்படையில் 2012-இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடியதை உங்கள் நாளிதழிலேயே பலமுறை படித்திருக்கிறோம். ஓவியம் சொல்லித் தருகிறவரை இப்படி வைத்துவிட்டு, ஓவியத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அரசுப் பள்ளிகளில் நடத்துகிற கலைத் திருவிழா நல்ல முயற்சி, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அது போட்டி, வருகிற பிள்ளை கொஞ்சம்தான், சில நாட்களில் முடிந்துவிடும். வாரம்தோறும் இருக்கிற அந்த ஒரு பீரியட் எல்லாப் பிள்ளைக்கும் உரியது.

மாநிலக் கல்விக் கொள்கை 2025-இல் வந்தபோது பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இனி இல்லை என்றார்கள். நல்லது. ஆனால் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததே, பல தனியார் பள்ளிகள் பதினொன்றாவதிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தியதால்தான். அதே பழக்கம் திரும்பி வந்து அந்த வருடத்தையும் விழுங்கிவிடக் கூடாது. எனவே கல்வித்துறை அதிகாரிகள் ஆய்வுக்குப் போகும்போது தேர்ச்சி விகிதத்தைக் கேட்கிற மாதிரி, கடந்த மாதம் பத்தாம் வகுப்புக்கு எத்தனை பி.டி. பீரியட், எத்தனை ஓவிய பீரியட் உண்மையில் நடந்தது என்றும் கேட்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் கேட்காமல் பிள்ளைகளிடமே கேட்கட்டும், அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

பெற்றோரிடம் கேட்பது சின்னதுதான். நேரத்தைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். பரீட்சை மாதத்தில் அரை மணி நேரம் என்று பிள்ளையோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்த அரை மணி நேரத்தை மார்க்கோடு முடிச்சுப் போடாதீர்கள். தூக்கிப் போடுவது, உடைப்பது, கிழிப்பது வேண்டவே வேண்டாம். முடிந்தால் வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து "இது என்னப்பா, எப்படிச் செஞ்ச?" என்று கேளுங்கள்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். 10, 12-ஆம் வகுப்பு முடிவுகளில் முதல் மூன்று இடம் அறிவிக்கிற வழக்கத்தை அரசு 2017-இலேயே கைவிட்டுவிட்டது. ஆனாலும் தனியார் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் பிள்ளைகளின் படத்தையும் மதிப்பெண்ணையும் போட்டு முழுப்பக்க விளம்பரம் கொடுக்கின்றன, அதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் அடுத்த வருடத்துக்கான பூட்டு தயாராகிறது. விளம்பரத்தை வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடியாமல் இருக்கலாம். குறைந்தது, முடிவு வருகிற நாளில் மட்டும் வெளியிடுகிற உதவி எண்களை, அதாவது குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய இரண்டையும், ஜனவரி முதலே மாணவர் பக்கத்தில் தினமும் ஒரு கட்டத்தில் போடுங்கள். பிள்ளைகள் தாங்களே கூப்பிடலாம், வீட்டாரும் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம், கட்டணம் கிடையாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.