அட்டையைக் கையில் வாங்கிய எல்லோருக்கும் நன்றி

பெற்றோர்களுக்கும் பணியாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பகல்நேர மையத்துக்கு வருபவர்கள் அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பெரியவர்கள். அவர்களில் சிலர் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதும், கையைக் கடித்துக்கொள்வதும், பக்கத்தில் இருப்பவரை அடிப்பதும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அடிப்பதற்குப் பதிலாக, வேண்டியதைக் கேட்க இப்போது அவர்கள் ஓர் அட்டையை நீட்டுகிறார்கள். எப்படி என்று பலர் கேட்கிறார்கள். யார் யார் என்ன செய்தார்கள் என்று சொன்னாலே பதிலும் வந்துவிடும், நன்றியும் சொன்னதாகிவிடும்.

முதல் நன்றி பல் மருத்துவருக்கு. நடத்தையை ஆராயும் முன் உடம்பைப் பார்க்க வேண்டும். பேச்சு வராதவர் தாடையில் ஒரே பக்கமாகக் குத்திக்கொண்டால் சொத்தைப் பல்லாக இருக்கலாம். காதில் அறைந்துகொண்டால் உள்ளே சீழ் இருக்கலாம். சாப்பிட்டதும் அலறினால் நெஞ்செரிச்சலைச் சந்தேகிக்க வேண்டும். மலச்சிக்கல் உள்ளவர் யாரையும் கிட்டே விடமாட்டார். பல் பார்க்கும் நாற்காலியில் ஏற மறுத்தவரை வராந்தாத் தரையிலேயே உட்காரவைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார் அந்த மருத்துவர்.

அடுத்து ஆயாம்மாக்கள். முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாம் என்ன செய்தோம் என்று மூன்று கட்டம் போட்ட தாள்களை நிரப்பியவர்கள் இவர்கள்தான். ‘கோபம் வந்தது’ என்று எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. ‘தட்டைக் கழுவச் சொன்னேன்; வலது கையால் நெற்றியில் நாலு அடி; சரி விடு என்று நானே கழுவினேன்’ என்று எழுதினார்கள். விடை அந்த மூன்றாவது கட்டத்தில் இருந்தது: அடித்துக்கொண்டால் வேலையிலிருந்து தப்பிக்கலாம். தான் விட்டுக்கொடுத்ததைத் தானே எழுதிவைக்க மனசு வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருப்பதால்தான் இப்படிப்பட்ட தாள்கள் பல இடங்களில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன.

இந்த வழி நாங்கள் கண்டுபிடித்ததல்ல. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதன் காரணம் ஆளுக்கு ஆள் மாறும் என்று அமெரிக்காவில் பிரையன் ஐவாட்டாவும் குழுவினரும் 1982இல் சோதித்துக் காட்டினார்கள். ஒருவருக்குப் பிறர் கவனம் வேண்டும், ஒருவருக்கு வேலை வேண்டாம், இன்னொருவருக்கு அந்த உணர்வே பிடித்திருக்கும். அடித்துப் பெறுவதை வேறு விதமாகக் கேட்டுப் பெறக் கற்றுக்கொடுத்தால் அடி குறையும் என்று 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டியூராண்டும் காட்டினார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி நீட்டும் எங்கள் ‘போதும்’ அட்டைக்கு மூலம் அதுதான்.

அட்டைகளை லேமினேட் செய்துகொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லாமலே மூலைகளை வட்டமாக வெட்டினார். கூர்மூலை கையைக் கிழிக்கும். கழுத்துக் கயிறு இழுபட்டால் ஆபத்து என்பதால் அட்டையை இடுப்பில் மாட்டுகிறோம். ஆரம்பத்தில் இருவர் தேவை. பின்னால் நிற்பவர் பேசாமல் கையைப் பிடித்து அட்டையை நீட்டவைப்பார், முன்னால் இருப்பவர் வாங்கியவுடன் வேலையை நிறுத்துவார். கை நெற்றிக்குப் போகும் முன்பே நீட்டவைக்க வேண்டும். நெற்றியில் அடிப்பது ஒரு விநாடி வேலை. அட்டை அதைவிடச் சுலபமாக இருந்தால்தான் ஜெயிக்கும். அது பழகிய பிறகே ஒரு தட்டு கழுவிவிட்டு அட்டை, பிறகு இரண்டு தட்டு. அவசரப்பட்டு ஒன்றிலிருந்து பத்துக்குத் தாவினால் அடி திரும்பும். அப்போது கடைசியாகச் சரியாக நடந்த படிக்கே இறங்கிவர வேண்டும்.

வீட்டில் இருக்கும் பாட்டிகளுக்குத் தனி நன்றி. அலறினால் முறுக்கு கிடைக்கும் என்ற வழக்கத்தை நிறுத்தியதும் அலறல் முதலில் இன்னும் கூடலாம். அந்த உச்சத்தில் ஒரே ஒரு முறுக்கு கொடுத்தால் போதும், ‘இவ்வளவு கத்த வேண்டும்’ என்று பாடம் படிந்துவிடும். அப்படிக் கொடுக்காமல் நின்றார்கள், அட்டை நீண்ட கணமே கொடுத்தார்கள். ஆனால் தலையை மோதுபவரைச் ‘சும்மா விடுங்கள்’ என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டாமல், கெஞ்சாமல், தலைக்கும் சுவருக்கும் இடையில் தலையணையை வையுங்கள். குப்புறக் கிடத்தி மேலே அழுத்துவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள், மூச்சு நின்றுபோகும்.

மனநல மருத்துவர் தாளைப் பார்க்காமல் மாத்திரையைக் கூட்டவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்தார். ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன் என்ற மருந்தை அமெரிக்க மருந்துத் துறை 2006இல் 5 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு அனுமதித்தது. பெரியவர்களுக்கும் மருத்துவர்கள் யோசித்துத் தருவதுண்டு. அது பசியையும் எடையையும் ஏற்றும். அதனால் எடையும் சர்க்கரையும் கொழுப்பும் ஆரம்பத்திலேயே பார்த்து, பிறகும் தொடர்ந்து பார்க்கச் சொன்னார். ‘போதும்’ என்று கேட்கக் கற்றுத்தருவது மாத்திரையின் வேலையல்ல என்பார்.

சமையல்கார அக்கா குக்கர் விசில் வருமுன் குரல் கொடுக்கிறார். அந்தச் சத்தம் தாங்காதவர்களுக்குக் காதடைப்பானை அதற்குள் மாட்டிவிடுகிறோம். அடித்த பிறகு மாட்டினால் அடிக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

டீக்கடை அண்ணன் கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் படஅட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் டீ ஆற்றுகிறார். அழுக்கேறிய அட்டைகளுக்கு மாற்று அட்டைகள் அலுவலக மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு செட், போய்வரும் ஆட்டோவுக்கு ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
மையப் பணியாளர்கள்