கமலாவுக்கு எத்தனை எழுத்து?

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இணையத்தில் போட்ட சி (C) நிரல்மொழிப் பாடத்தின் மூன்றாம் பகுதியைக் கிழித்துத் தொங்கவிட்டவர்களில் நானும் ஒருவன். "வாய்டு மெயின் போடுகிறவனெல்லாம் பாடம் நடத்த வந்துவிட்டான்" என்று எழுதியவன் நான்தான். மறுநாள் பார்த்தால் பதினொரு பகுதிகளையும் நீங்கள் எடுத்துவிட்டிருந்தீர்கள். மனசு கேட்கவில்லை.

பாடத்தில் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது. ஆனால் நான் பிடித்துக்கொண்டு ஆடியது இருப்பதிலேயே சின்னத் தப்பை. நிரல் தொடங்கும் இடமான மெயினுக்கு (main) முன்னால் வாய்டு (void) இல்லை, இன்ட் (int, முழு எண்) போட வேண்டும் என்பது 1989-லேயே சி மொழியின் தரத்தில், அதாவது அதிகாரபூர்வ விதித்தொகுப்பில், வந்துவிட்டது. ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது. நானே அந்த நீலத்திரையில் படித்தவன்தான். பழைய டாஸ் சூழலைக் காட்டும் டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி++ என்ற பழைய கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது), கண்ட்ரோல் எஃப்9 அடித்து ஓட்டி, ஆல்ட் எஃப்5 அடித்து விடை பார்த்து, அதை லேப் ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய கூட்டம். இன்ட் என்றால் நினைவகத்தில் இரண்டு பைட் இடம் என்று வைவாவில் சொல்லி மார்க்கும் வாங்கினேன். அந்த 16 பிட் கம்பைலருக்கு அது சரி. இன்று லேப்டாப்பில் ஜிசிசி என்ற இன்றைய கம்பைலரைப் போட்டு அளந்தால் நான்கு வரும். நீங்களும் இரண்டு என்றே எழுதியிருந்தீர்கள். எந்த ஜெராக்ஸ் நோட்ஸிலிருந்து வந்தது என்று பார்த்ததுமே புரிந்தது. அந்த நோட்ஸை எழுதியவரை நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கையில் கிடைத்தது நீங்கள்.

சரி, நாங்கள் யாருமே கவனிக்காமல் விட்ட தப்புக்கு வருகிறேன். "சார் (char) என்பது ஓர் எழுத்தை வைக்கும் டப்பா. பத்து டப்பா கேட்டால் ஒன்பது எழுத்துப் பெயர் வைக்கலாம், கடைசி டப்பா முடிவுக் குறிக்கு" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு டப்பா ஒரு பைட் என்பதால் ஆங்கில எழுத்துக்கு இது பொருந்தும். ஆனால் கீழேயே "உங்கள் பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள்" என்று பயிற்சி கொடுத்துவிட்டீர்களே! நேற்று ராத்திரி உட்கார்ந்து கமலா என்று அடித்துப் பார்த்தேன். நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் க, ம, ல, அப்புறம் துணைக்கால் தனி, ஆக நான்கு. அந்த எண்களைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். மொத்தம் 12, முடிவுக் குறியோடு 13. ஒன்பது எழுத்துக்கு இடமிருக்கிறது என்று நீங்கள் சொன்ன இடத்தில் மூன்றெழுத்துப் பெயர் அடங்கவில்லை.

அந்தப் பெயரை வாங்க நீங்கள் சொல்லிக்கொடுத்ததோ கெட்ஸ் (gets) என்ற கட்டளை. அதற்கு டப்பா எத்தனை என்பதே தெரியாது. என்டர் தட்டும்வரை வாங்கிக்கொண்டே போய், பக்கத்து வீட்டு நினைவகத்திலும் எழுதிவிடும். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் நுழைந்த வாசல்களில் ஒன்று இதுதான். பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் என்ற சேவை 512 பைட் இடம் வைத்துக்கொண்டு கெட்ஸால் வாங்கியது. புழு 536 பைட் அனுப்பியது. 2011-இல் வந்த தரத்தில் கெட்ஸையே எடுத்துவிட்டார்கள். டர்போ சி இதையெல்லாம் எங்கே சொல்லப்போகிறது!

கெட்ஸுக்குப் பதில் எஃப்கெட்ஸ் போட்டு, பத்து என்று அளவும் கொடுத்தேன். ஒன்பது பைட்டோடு நிறுத்திக்கொண்டது. திரையில் "கமல" என்று வந்தது. துணைக்கால் வெளியே நிற்கிறது. உள்ளே எதுவும் உடையவில்லை, ஆனால் பெயர் போச்சு. பாடத்தில் இந்தப் படத்தை அப்படியே போடுங்கள். தமிழில் சி சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவர்தான் இதைக் காட்ட முடியும்.

"ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும்" என்று பதில் சொல்லியிருந்தீர்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். நினைவக முகவரியை வைக்கும் பாயின்டரை நான்காம் பகுதிவரை தொடாமல் விட்டது நல்லதுதான். சொல்லாமல் விட்டதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். தப்பாக ஏறியதை முதலில் இறக்க வேண்டும். ஐ என்ற மாறியை ஒரே வரியில் பலமுறை மாற்றும் ஐ = ஐ++ + ++ஐ என்பதற்கு விடை என்ன என்று வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சீனியரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். அதற்கு விடையே கிடையாது, கம்பைலர் எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று தரம் விட்டுவிட்டது என்பதை நான் நம்பவே இல்லை. தேர்வில் அதற்கு இரண்டு மார்க் வாங்கியவனாயிற்றே.

எங்கள் பக்கத் தப்பும் உண்டு. 2011-இல், வலை நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும் டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தின் பிழைகளைப் பட்டியலிட்டுச் சில வலை நிரலாளர்கள் டபிள்யூ3ஃபூல்ஸ் என்று ஒரு பக்கம் தொடங்கினார்கள். பெயரிலேயே கேலிதான். ஆனாலும் எது தப்பு, ஏன் தப்பு என்று விளக்கியிருந்தார்கள். தளமும் பலவற்றைத் திருத்தியது. நான் எழுதிய ஒற்றை வரியில் கேலி மட்டும்தான் இருந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

மூன்றாம் பகுதியை வரிவரியாகத் திருத்தி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். பிடித்தால் எடுத்துக்கொண்டு மற்றதையும் திரும்பப் போடுங்கள். ஏழாம் பகுதியில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பை பஸ் கண்டக்டரை வைத்து விளக்கினீர்களே, அதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று: ஸீட் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது, மொத்தம் 40 ஸீட், ஆகக் கடைசி எண் 39, நீங்கள் <= 40 என்று, அதாவது 40-ஐயும் சேர்த்து, போட்டிருக்கிறீர்கள். கண்டக்டர் பஸ்ஸுக்கு வெளியே நிற்கிறவருக்கும் டிக்கெட் கிழிக்கிறார்.

அன்புடன்,
உங்களைத் திட்டியவர்களில் ஒருவன்