உளிக்கு வாய் பிடித்துக் கொடுத்த ஐயாவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

கல்யாணத்துக்கு அவள் சரி என்று சொல்லிவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலத்திலிருந்து யார் போனையும் எடுக்காததற்கு அதுதான் காரணம். எடுத்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. இப்போதும் பெரிதாகத் தெளிந்துவிடவில்லை, ஆனாலும் ஆறப்போட்டால் சொல்ல வேண்டியவை விட்டுப்போகும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வாரம் நடந்ததைத் திரும்ப எழுதப் போவதில்லை. மோதிரப் பெட்டிக்காகக் காத்திருந்த பார்சலைப் பிரித்தபோது பக்கத்தில் நின்றவர்களும், அன்று ராத்திரி என் புலம்பலைக் கேட்டவர்களும்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அவள் விமானம் ஏறும் தேதி மாறாது, மோதிரம் கையில் இருக்கிறது, அதை வைத்துக் கொடுக்கப் பெட்டி இல்லை. "கடையில வெல்வெட் டப்பா வாங்கிக்கடா" என்று நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். ஆனால் எந்தப் பழைய வீட்டுக்குள் போனாலும் முதலில் நிலைக்கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மனுஷர்களைப் பார்ப்பவள் அவள். அவளுக்கு மரத்தில்தான் கொடுக்க வேண்டும், அதுவும் என் கையால் செய்து கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

மரம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கிடைத்தது. பழைய சாமான் கடைக்காரர் அண்ணன் ஒருவர், இடித்த வீட்டிலிருந்து வந்த நிலையின் முறிந்த துண்டொன்றைக் கடைக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு ஓரத்தில் தாமரை இதழ் ஒன்று பாதி மிச்சம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அண்ணே, அந்த இதழ் அப்படியே மூடியின் மேல் இருக்கிறது, இழைத்து எடுக்கவில்லை.

இனி ஐயாவைப் பற்றி. அவர் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன்.

திண்ணையில் உட்கார்ந்து உள்ளே குடைந்துகொண்டிருந்தேன். மூடியையும் அடியையும் ஒரே துண்டிலிருந்து அறுத்தாயிற்று, ரேகை இரண்டிலும் ஒட்டி ஓடும்படி. 55 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் 6 மில்லிமீட்டர் சுவர் விட்டுக் குடைய வேண்டும். கடையில் வாங்கிய புது உளிதான், ஆனாலும் கொஞ்ச நேரத்திலேயே மரம் வெட்டுப்படாமல் நார் நாராகப் பிய்ந்து வர ஆரம்பித்தது. இன்னொரு தட்டு தட்டினால் சுவர் பிளந்துவிடுமோ என்ற பயத்தில் கொட்டாப்புளியை, அதாவது உளியைத் தட்டும் மரச்சுத்தியலை, தூக்கவே கை வரவில்லை. அப்போது தெருவில் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்றார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

"தம்பி, உளி வெட்டலை. இடிக்குது."

சத்தத்தை வைத்துச் சொன்னார். பார்வை மங்கி வேலையை விட்டுச் சில காலம் ஆகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. திண்ணையில் வந்து உட்கார்ந்து, மரத்தை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார். அறுத்த பக்கத்தை மூக்குக்குக் கொண்டுபோனார். "பர்மாத் தேக்கு. உளியத் தின்னுரும். உள்ள மணல் மாதிரி இருக்கும்ல" என்றார். தேக்கில் சிலிக்கா உண்டு, அதுதான் இரும்பின் வாயை மழுக்குகிறது என்று படித்திருக்கிறேன். ஐயாவுக்கு அது விரல் நுனியில் தெரிந்திருந்தது.

உளியைக் கேட்டார். என்னை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லி, "வாயில வெள்ளையா ஒரு கோடு தெரியுதா?" என்றார். தெரிந்தது. "கூர் இருந்தா அங்க ஒண்ணும் தெரியக் கூடாது." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கல்லோடு திரும்பி வந்தார். நடுவில் தேயாமல், பலகை போலத் தட்டையாக வைத்திருந்த கல். வேலையை விட்ட பிறகும் கல்லை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

முதலில் உளியின் முதுகை, அதாவது தட்டையான பக்கத்தை, தேய்த்தார். நான் எப்போதும் சரிவுப் பக்கத்தை மட்டும் தேய்க்கும் ஆட்களைத்தான் பார்த்திருக்கிறேன். முதுகு கண்ணாடி மாதிரி ஆனால்தான் வாய் நிற்கும் என்றார். பிறகு சரிவைக் கல்லில் படியவைத்து, மணிக்கட்டு அசையாமல், தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தள்ளினார். மறுபக்கம் மெல்லிசாகப் பிசிறு எழும்புகிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். எழும்பியதும் முதுகுப் பக்கம் ஒரு இழுப்பு, சரிவில் ஒரு இழுப்பு, கடைசியில் பழைய தோல்வாரில் தேய்த்து அந்தப் பிசிறை உதிர்த்தார். மெஷின் சாணையில் கொடுக்கவே கூடாதாம், சூட்டில் வாய் நீலமாகிவிட்டால் எஃகு செத்துப்போச்சு என்று அர்த்தமாம். கால் இஞ்சு, அரை இஞ்சு, முக்கால் இஞ்சு, மூன்றையும் தீட்டினார். இடையில் வந்த டீயில் சர்க்கரை வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

தீட்டிக்கொண்டே கேட்டார், "நிச்சயத்துக்கா தம்பி?"

"இல்லைங்கய்யா, அதுக்கு முன்னாடி. அவகிட்ட கேக்கறதுக்கு."

"ரெண்டு வீட்டுலயும் தெரியுமா?"

"தெரியும்யா. ரெண்டு வீட்டுலயும் சம்மதம்தான். அவகிட்ட மட்டும் இன்னும் யாரும் கேக்கலை."

கல்லிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நீ கேக்கறதுதான் சரி" என்றார். மறுபடி தீட்ட ஆரம்பித்தார்.

அந்த நிமிஷத்தை நான் எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. நிச்சயத் தாம்பூலம் மாற்றுகிற ஊரில் மோதிரப் பெட்டி எதற்கு, இதெல்லாம் யார் வழக்கம் என்று எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். எனக்கே அவ்வப்போது கூச்சமாகத்தான் இருந்தது. எழுபதைத் தாண்டிய, முன்பின் தெரியாத ஒரு மனுஷர், ஒரே வரியில் அந்தக் கூச்சத்தை எடுத்துப் போட்டுவிட்டார்.

தீட்டிய உளியை என்னிடம் கொடுத்து, மரத்தின் குறுக்குவெட்டு முனையில் ஒரு சீவு சீவச் சொன்னார். கொட்டாப்புளியே தேவைப்படவில்லை. உள்ளங்கையால் தள்ளினேன், மெல்லிய சுருள் ஒன்று வந்தது. வெட்டிய இடம் பாலிஷ் போட்டது போல் மின்னியது, கூடவே அந்தத் தேக்கு வாசனை. 1852-ல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபின் இங்கிருந்து போய் அங்கே கடை வைத்தவர்கள் ஊரில் கட்டிய வீடுகளுக்குக் கப்பலில் வந்த மரம். 1942-ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தபோது அந்த வாழ்க்கையே முடிந்தது, நடந்தே ஊர் திரும்பியவர்களின் கதைகள் நமக்குத் தெரியும். இத்தனைக்குப் பிறகும் உள்ளே எண்ணெய் காயாமல் இருக்கிறது.

அந்த எண்ணெயைப் பற்றியும் ஐயாதான் எச்சரித்தார். ஒட்டுவதாக இருந்தால் ஒட்டுகிற இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே பசை போடு, இல்லாவிட்டால் நாளைக்குக் கழன்று வரும் என்றார். கீல் வைக்கப் போகிறேன் என்றதும் தலையை ஆட்டினார். "நம்ம ஊர்க் கதவுல ஏது கீலு? குடுமிலதான சுத்துது. அதையே வை." குடுமி என்றால் கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டு குழியில் சுற்றும் முளை. அப்படியே செய்தேன். மூடியின் பின்பக்கம் ஒரு நாக்கு ஒட்டி, அடிப்பெட்டியின் இரண்டு சுவருக்கும் நடுவே அதை இறக்கி, இருபுறமும் 2 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைக் குடுமியாகக் கொடுத்தேன். நாக்கின் பின் விளிம்பை உருட்டிவிட்டதும் மூடி அடிபடாமல் சுற்றுகிறது. "இது ஐப்பசி. மழைக்கு மரம் உப்பும். ஒரு தாள் கனத்துக்கு இடம் விடு" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. கல்லை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். பணம் என்ற பேச்சை எடுத்ததற்கே கோபம் வந்துவிட்டது அவருக்கு.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். உள்ளே விரிக்கத் தன் பழைய கண்டாங்கிச் சேலையிலிருந்து ஒரு கட்டம் வெட்டிக் கொடுத்த அடுத்த வீட்டு ஆச்சி (அரக்கும் கடுகு மஞ்சளும், மோதிரம் அதன்மேல் எப்படி இருந்தது என்று நேரில் வந்து சொல்கிறேன் ஆச்சி). மோதிரத்தை அளவு திருத்திக் கொடுத்ததோடு பித்தளைக் கம்பியும் தந்த நகைப்பட்டறைக்காரர். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சில் நனைத்துப் பூசச் சொன்ன பெயின்ட் கடை அண்ணன். எண்ணெய் பூசியிருந்தால் துணியில் கறை ஏறியிருக்கும், காயவும் நாள் பிடித்திருக்கும். ஆபீசில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள், வண்டி கொடுத்த மாப்பிள்ளை, ரகசியம் காத்த தங்கச்சி, ராத்திரி உப்புத்தாள் தேய்க்கும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அம்மா. எல்லோருக்கும் நன்றி. உங்களில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் நேற்று நடந்திருக்காது.

நேற்று மழை விட்டிருந்த நேரத்தில், ஊருணிப் படியில் வைத்துக் கேட்டேன். என்ன கேட்டேன், எப்படிக் கேட்டேன் என்பதை எங்கள் இருவரோடு வைத்துக்கொள்கிறோம். அவள் மோதிரத்தைப் போட்ட கையோடு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "குடுமியா?" என்றாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐயாவுக்குச் சேர வேண்டிய சேதி அது.

இன்று காலை கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்தது, கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூடி சிக்குச்சா?"

"இல்லைங்கய்யா. லேசாத் திறந்துச்சு."

கல்லை வாங்க மாட்டேன் என்றார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன், தீட்டக் கற்றுக்கொடுங்கள் என்றேன், ஒத்துக்கொண்டார். இடிகிற வீடுகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், படம் எடுக்கிறோம், வருத்தப்படுகிறோம். அந்தக் கதவுகளை அறிந்த கைகள் பக்கத்துத் தெருவிலேயே சும்மா இருப்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. இனி அவர் வீட்டு வாசலைத் தாண்டிச் சும்மா போக மாட்டேன். அவர் கையில் இருப்பதில் ஒரு பங்காவது என் கைக்கு வரும்வரை விடப் போவதில்லை.

நிச்சயம் அவள் ஊர் திரும்பியபிறகு, தை மாதத்தில். முன்வரிசையில் ஐயாவும் ஆச்சியும். அந்த நிலைத்துண்டில் இன்னும் இரண்டு பெட்டிக்கு மரம் மிச்சம் இருக்கிறது. உங்களில் யாருக்காவது யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள், உளி மூன்றும் இப்போது நல்ல கூரில் இருக்கின்றன.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
காரைக்குடி