உடல் முதலில், பாய்மரம் பிறகு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிலுண்டில் லெகோ ஹவுஸ் போய்வந்த பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 63 லட்சம் கட்டைகளில் 15 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் அந்த மரத்தை ஒரே வரியில் முடித்துவிட்டு, மேல்தளத்தில் ரசிகர்கள் கட்டியவற்றை வைத்திருக்கும் கூடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் நீ என் ஆள். டென்மார்க்கில் வேலை கிடைத்ததில் உனக்குச் சம்பளத்தைவிடப் பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மறுபடி மொட்டை மாடிக்குப் போய் வடகம் காயவைக்கத் தொடங்கிவிட்டார். சின்னவள் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நான் லெகோவில் கட்டிக்கொண்டிருக்கும் கொள்ளையர் கப்பலில் குரங்கையும் கிளியையும் எங்கே வைப்பது என்பது அவள் இலாகா, அதில் நான் தலையிடுவதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். லெகோ கப்பலை, ரெடிமேடாகக் கிடைக்கும் உடல் துண்டுகளை வைத்துக் கட்டலாமா, இல்லை சின்னச் சின்னக் கட்டையாக அடுக்கி உடலை எழுப்பலாமா என்று கேட்டிருந்தாய். நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சியைக் கேவலமாகப் பேசுபவன் இல்லை. 1989-இல் கடற்கொள்ளையர் வரிசை வெளிவந்தபோது, 6285 எண் கொண்ட பிளாக் சீஸ் பராக்குடா என்ற கப்பலைக் குழந்தைகள் தாங்களாகவே உட்கார்ந்து கட்ட முடிந்ததற்குக் காரணம் அந்த ரெடிமேட் உடல்தான். முன்பக்கம் ஒன்று, நடுத்துண்டுகள், பின்பக்கம் ஒன்று. சேர்த்து அழுத்தினால் கப்பலின் வடிவம் வந்துவிடும். அதற்குமேல் தளம், பீரங்கி, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட துணிப்பாய்கள். அந்த வரிசை செய்த இன்னொரு பெரிய காரியத்தையும் மறக்கக் கூடாது. 1978-இலிருந்து அதுவரை லெகோ மனிதர்கள் அத்தனை பேருக்கும் ஒரே முகம்: இரண்டு புள்ளிக் கண், ஒரு புன்னகை. தாடி, மீசை, கண்பட்டி, கொக்கிக் கை, மரக்கால் என்று ஆளுக்கொரு முகமும் ஆளுக்கொரு கதையும் வந்தது இந்தக் கொள்ளையர்களால்தான்.

ரெடிமேட் உடலில் உள்ள சிக்கல் இது. கப்பலை நீளமாக்க வேண்டுமா, நடுத்துண்டு ஒன்றைக் கூடுதலாகச் செருகலாம். 2010-இல் வந்த இம்பீரியல் ஃபிளாக்ஷிப் என்ற லெகோ கப்பல் அப்படித்தான் நீண்டது. அகலமாக்க வேண்டும் என்றால் வழியே இல்லை. நடுப்பகுதியின் அகலம் 16 குமிழ் (கட்டையின் மேல் இருக்கும் புடைப்பைத்தான் குமிழ் என்கிறேன்), அதாவது 12.8 செ.மீ., அவ்வளவுதான். நீ எந்தக் கப்பலைக் கட்ட நினைத்தாலும் அது அந்த அகலத்துக்குள் அடங்கியாக வேண்டும். பீரங்கிகளை இரண்டு பக்கமும் எதிரெதிரே நிறுத்தினால் நடுவில் ஆள் நடக்க இடம் கிடையாது. ஒரு குறிப்பிட்ட கப்பலை, பெயரும் வரலாறும் உள்ள கப்பலைக் கட்டுகிறவனுக்கு இது போதாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். மினிஃபிக், அதாவது லெகோ மனிதப் பொம்மை, நின்றால் ஏறக்குறைய 4 செ.மீ. உயரம். அதை 1.7 மீட்டர் ஆள் என்று வைத்தால் அளவு 42-க்கு ஒன்று. 30 மீட்டர் நீளமும் 7.5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கப்பல், இந்த அளவில் 70 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் வரும். அகலம் மட்டும் 22 குமிழ்! இத்தோடு முடியவில்லை. மினிஃபிக்கின் இடுப்பின் அகலமே 1.6 செ.மீ. இருக்கிறது. அதே கணக்கில் பார்த்தால் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில் இடுப்பு உள்ள ஆள். கையையும் சேர்த்தால் கதவுக்குள் நுழைய மாட்டான். அதனால் அளவு பார்த்து அச்சு அசலாகக் கட்டினாலும் உள்ளே ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். என் வழி இது: நீளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள், அகலத்தை மட்டும் குறைக்காதே. மேசைமேல் இருக்கும் கப்பலை நாம் பெரும்பாலும் முன்பக்க மூலையிலிருந்துதான் பார்க்கிறோம். அந்தக் கோணத்தில் நீளக் குறைவு தெரியாது, ஒல்லியான உடல் உடனே தெரிந்துவிடும்.

நான் இப்போது கட்டிக்கொண்டிருப்பது, கொள்ளையர் என்று தூக்கிலிடப்பட்ட கப்பல் தலைவர் வில்லியம் கிட்டின் ‘அட்வெஞ்சர் கேலி’ (கேலி என்பது துடுப்பும் உள்ள கப்பல் வகை). புகழ்பெற்ற கொள்ளையர் ‘கருப்புத் தாடி’யின் (பிளாக்பியர்ட்) கப்பலை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தேன் என்று கேட்பாய். முதல் காரணம் துடுப்பு. 1695-இல் லண்டன் அருகே டெப்ட்ஃபோர்டில் நீரில் இறக்கப்பட்ட இந்தக் கப்பலில் 34 பீரங்கிகளும் முழுப் பாய்மர ஏற்பாடும் இருந்தன. கூடவே, காற்று நின்றுபோனால் ஆட்கள் உட்கார்ந்து வலிக்கத் துடுப்புகளும் இருந்தன. பாயும் துடுப்பும் சேர்ந்த கப்பலை லெகோவில் கட்டியவர்கள் குறைவு. பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வரிசையாகத் துடுப்புத் துளைகள் வரும்போது கப்பலின் முகமே மாறிவிடுகிறது. மாதிரிக்கு நான் வைத்துக்கொண்டது 1676-இல் கட்டப்பட்ட சார்லஸ் கேலி. அதே வகைக் கப்பல், அதை டச்சு ஓவியர் வான் டெ வெல்டெ வரைந்த ஓவியம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் துடுப்புத் துளைகள், பீரங்கிகளில் பெரும்பாலானவை மேல்தளத்தில். அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது காரணம், இது நம் பக்கத்துக் கடலில் ஓடிய கப்பல். கொள்ளையரைப் பிடிக்கத்தான் கிட்டுக்கு அரசாங்க அனுமதிப் பத்திரம் கொடுத்து அனுப்பினார்கள். வந்த இடத்தில் 1698 ஜனவரி கடைசியில், கொச்சிக்கு அருகே, குவெடா மெர்ச்சன்ட் என்ற சரக்குக் கப்பலை மடக்கினார். சரக்கு ஆர்மீனிய வணிகர்களுடையது, அதில் பட்டும் மஸ்லினும் இருந்தன. அந்தக் கப்பல் பிரெஞ்சு அனுமதிச் சீட்டோடு ஓடியது, பிரான்ஸ் எதிரி நாடு, அதனால் நான் பிடித்தது சட்டப்படி சரி என்பது கிட்டின் வாதம். விசாரணையின்போது அந்தச் சீட்டுகள் காணவில்லை. 1701 மே மாதம் லண்டனில் தூக்கிலிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே சீட்டுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. அந்த மனிதர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் பக்கச் சாட்சியம் கையில் இல்லாமல் ஒருவரை நிறுத்தித் தீர்ப்புச் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அட்வெஞ்சர் கேலியின் முடிவும் சோகம்தான். கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை, அடிப்பலகை ஒழுகத் தொடங்கியது. ஓயாமல் பம்பு அடித்தால்தான் மிதக்கும் என்ற நிலையில் மடகாஸ்கர் அருகே உள்ள செயின்ட் மேரி தீவு வரை இழுத்துக்கொண்டு வந்து அங்கேயே கைவிட்டார்கள். கிட் குவெடா மெர்ச்சன்ட்டில் ஏறித் திரும்பினார். நான் கட்டுவது இந்தக் கடைசி மாதங்களின் கப்பலை. அதனால் பக்கப் பலகை ஒரே நிறமாக இருக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். செம்பழுப்பு, அடர்பழுப்பு, அங்கங்கே அடர்மணல் நிறம். ஒட்டுப் போட்ட பலகை தெரிய வேண்டும். நடுத்தளத்தில் பம்பு, அதன் கைப்பிடி மேலும் கீழும் அசையும். பக்கத்தில் இரண்டு பேர். அவர்களுக்குப் புன்னகை இல்லாத முகங்களாகப் பொறுக்கி எடுத்தோம், நானும் சின்னவளும்.

இப்போது நீ கேட்ட முக்கியமான விஷயம்: வளைவு. சதுரக் கட்டையில் எப்படி வளைவு வரும்? 1×2 கட்டைகளை (ஒரு குமிழ் அகலம், இரண்டு குமிழ் நீளம்) மட்டும் எடுத்து, கொத்தனார் மூட்டு மாற்றி அடுக்குகிற முறையில் ஒரு நீளச் சுவர் எழுப்பு. நான்கைந்து வரிசை உயரம் போதும். ஒவ்வோர் இணைப்பிலும் மயிரிழை அளவு ஆட்டம் இருக்கும். ஒரு கட்டையில் அது ஒன்றுமே இல்லை. சுவர் நீள நீள அந்த ஆட்டமெல்லாம் ஒன்றுசேர்ந்து, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக அழுத்தினால் சுவர் வில்லாக வளைந்து கொடுக்கும். 1×4 கட்டை கலந்தால் விறைப்பு கூடும், வளைவு குறையும். ஆகவே கப்பலின் நடுப்பகுதியில் 1×4, முன்பக்கம் போகப் போக 1×2. இன்னும் கூர்மையான வளைவு வேண்டும் என்றால் 1×2 கட்டைக்கு இடையிடையே 1×1 உருளைக் கட்டையைப் போடு, கதவுக் கீல் மாதிரி மடங்கும். வளைக்கும்போது கிறீச் என்று சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடு. ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெளுத்துக் கோடு விழுந்தால் திரும்பாது.

இந்தச் சுவரை உள்ளே இருக்கும் சட்டத்தில் எல்லா இடத்திலும் கட்டிப்போடாதே. டெக்னிக் பீம்களில், அதாவது துளை போட்ட நீளமான லெகோ துண்டுகளில், ஏணி வடிவச் சட்டம் ஒன்று செய்து, சுவரை முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் மட்டும் பிடித்து நிறுத்து. மீதி தானாக வடிவத்துக்கு வரும். பிடிக்கும் இடத்தில் கிளிப்பும் கம்பியும் வைத்தால் இன்னொரு வசதி: சுவரின் மேல்பகுதியை உள்பக்கமாகச் சற்றுச் சாய்க்கலாம். அந்தக் காலக் கப்பல்கள் நீர்மட்டத்தில் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் இருந்தன. மேல்தளப் பீரங்கிகளின் கனம் நடுவை நோக்கி வருவதால் கப்பல் ஆட்டம் கண்டு கவிழாது. எதிரி பக்கத்தில் வந்து ஒட்டினாலும் தளத்துக்குத் தளம் தாவ இடைவெளி அதிகம். இந்தச் சாய்வு ரெடிமேட் உடலில் வரவே வராது. என்னைக் கேட்டால் இது ஒன்றுக்காகவே அடுக்கிக் கட்டலாம். லெகோ நிறுவனமே 2017-இல் சைலன்ட் மேரி என்ற கப்பலை அடுக்கித்தான் கட்டியது, 2,294 பீஸ். ஒருமுறை அதன் உள்சட்டத்தைப் பார், நிறையப் புரியும்.

பின்பக்க ஜன்னல்களுக்குப் பழைய சூத்திரமே போதும். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., பிளேட் எனும் தட்டையான துண்டு ஒன்றின் உயரம் 3.2 மி.மீ. ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மி.மீ., இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. ஆக, ஐந்து பிளேட் அடுக்கைப் படுக்கப் போட்டால் இரண்டு குமிழ் இடத்தில் கச்சிதமாக உட்காரும். ஜன்னல் சட்டத்தையும் பொன்னிற அலங்காரத்தையும் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்த இதுதான் வழி. முதலில், லெகோவைக் கணினியில் கட்டிப் பார்க்கும் ஸ்டுடியோ மென்பொருளில் போட்டுப் பார்த்துவிடு. ஆனால் ஒன்று: நான் சொன்ன சுவர் வளைவை மென்பொருள் காட்டாது, அதற்குக் கணினியில் ஆட்டமே கிடையாது. வளைவைக் கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாய்மரத்தைப் பற்றி இப்போதே யோசிக்காதே. நீ அனுப்பிய படங்களில் மூன்று மரமும் கயிறும் தயார், உடல் இன்னும் பாதி. உடலின் அகலம் முடிவாகாமல் மரத்தின் உயரம் எப்படி முடிவாகும்? எல்லாம் முடிந்தபிறகு பாய்க்கு நல்ல பருத்தி வேட்டித் துணி தருகிறேன். தேநீர் டிக்காஷனில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் உப்புக் காற்றில் அடிபட்ட நிறம் வருகிறது. ஓரம் பிரியாமல் இருக்கத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தடவி, ஒரு பெரிய பாத்திரத்தின் புறமுதுகில் விரித்துக் காயவிட்டால் காற்றடைத்த புடைப்பு அப்படியே நிற்கும். கயிறுக்கு எடுக்கும் நூலை ஒருமுறை மெழுகில் இழுத்துவிடு, பிசிறு அடங்கிவிடும். லெகோ அல்லாத துணியும் நூலும் கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, 1989-இலும் பாய் துணியில்தானே வந்தது?

கருப்புத் தாடியின் குவீன் ஆன்ஸ் ரிவெஞ்சைக் கட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாகக் கட்டு. ஒன்றை மட்டும் மனதில் வை. அது முதலில் லா கான்கார்ட் என்ற பிரெஞ்சு அடிமை வணிகக் கப்பல். 1717 நவம்பரில் மார்ட்டினிக் அருகே பிடிபட்டபோது அதன் உள்ளே ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மனிதர்கள் இருந்தார்கள். 1718 ஜூனில் வட கரோலினாவின் போஃபோர்ட் முகத்துவாரத்தில் தரைதட்டியது. 1996-இல் சிதைவைக் கண்டெடுத்தார்கள். கொள்ளையர் கொடி பறக்கும் அந்தச் சில மாதங்களைக் கட்டுவது எளிது, எல்லோரும் அதைத்தான் கட்டுகிறார்கள். நீ கட்டினால் கீழ்த்தளத்தைக் கழற்றிப் பார்க்கும்படி செய், அங்கே அந்தத் தாழ்ந்த கூரையும் இடமின்மையும் தெரியட்டும். உன் மகன் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பான். பதில் சொல்ல உனக்குத் தெரியும்.

இனி காரியத்துக்கு வருகிறேன். எனக்கு அடர்பழுப்பில் 1×2 கட்டை நிறைய வேண்டும், இங்கே உதிரியாகக் கிடைப்பது அரிது. அங்கே பழைய சாமான் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்குவதாகச் சொன்னாயே, அதில் பொறுக்கி வை. பதிலுக்கு என்னிடம் கறுப்பில் சரிவுக் கட்டைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, உன் கப்பலின் அடிப்பகுதிக்குச் சரியாக இருக்கும். தை மாதம் நீ வரும்போது மாற்றிக்கொள்வோம். துடுப்புத் துளைக்கு 1×1 துளைக் கட்டை நல்லதா, 1×2 டெக்னிக் கட்டை நல்லதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டையும் பொருத்திப் படம் அனுப்புகிறேன், பார்த்துவிட்டு உடனே எழுது.

தங்கச்சிக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

உன் நண்பன்