மிச்சம் 24 வருஷம்

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதி அனுப்பிய வ.உ.சி. வாழ்க்கை வரலாற்றின் கையெழுத்துப் பிரதியை இரண்டு தடவை படித்துவிட்டேன். இரண்டாவது தடவை கையில் பென்சிலோடு.

கப்பல் பகுதி அருமையாக வந்திருக்கிறது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதிலிருந்து 1908-இல் 40 வருஷத் தீவாந்தர தண்டனை வரைக்கும் கீழே வைக்க மனம் வரவில்லை. ஆனால் 1912 டிசம்பரில் அவர் கண்ணூர் சிறையை விட்டு வெளியே வந்ததும் உனக்கு அவசரம் வந்துவிட்டது. அதற்கப்புறம் 1936 நவம்பர் வரை இருந்தாரே அம்மா! அந்த 24 வருஷத்துக்கு உன்னிடம் ஆறே பக்கம்தானா?

காந்தியோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தை எடுத்துப் பார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தனக்காகத் திரட்டித் தந்த பணம் என்ன ஆயிற்று என்று 1915-இல் கேட்டு எழுதுகிறார். ஒருவழியாக 1916-இல் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில் கம்பெனி தொடங்கியவர் அவர். நீ ‘வறுமையில் வாடினார்’ என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிட்டு அந்த 12 அணாவைப் போடு. எனக்கு அதைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை.

வாலஸ் விஷயத்தை நீ ஏன் விட்டாய் என்று புரிகிறது. பறிபோன சன்னத்தை, அதாவது வக்கீல் தொழில் நடத்தும் உரிமத்தை, திரும்ப வாங்கித் தந்த வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்குப் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர் இப்படிச் செய்தாரா என்று வாசகர் முகம் சுளிப்பார்கள் என நினைத்தாயோ? எனக்கு அவர் மேல் மரியாதை கூடியதே அந்த இடத்தில்தான். ஒளிக்காதே.

அப்புறம், சிறைவாசலில் ‘அவர் நெஞ்சு கனத்தது’ என்கிறாய். யார் பார்த்தது? அவரே செய்யுளாக எழுதிய சுயசரிதை இருக்கிறது. அதில் இருந்தால் எடுத்துப் போடு, இல்லையென்றால் தேதியோடு நிறுத்திக்கொள்.

பொங்கலுக்கு வரும்போது ஒட்டப்பிடாரம் போய் அவர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம். வெயில் ஏறுமுன் கிளம்பினால் நல்லது.

பிரதியை நாளை கூரியரில் போடுகிறேன். அந்த ஆறு பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். புதிதாக எழுது.

அன்புடன்,
அம்மா