கிழக்குச் சன்னல் திருப்பணி: நிறைவு அறிக்கை

சபையார் அனைவருக்கும் குழுவின் அன்பான வணக்கம்.

கிழக்குச் சன்னல் வேலை முடிந்து, வண்ணக் கண்ணாடிகள் எல்லாம் தம் இடத்துக்குத் திரும்பிவிட்டன. சன்னல் ஓவியத்திலுள்ள மேலங்கியின் நீலத்தில் இன்னும் வெளுப்புத் திட்டுகள் தெரிகின்றனவே, அப்படியென்றால் என்னதான் செய்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அந்த நீலம் கண்ணாடிக்குள் கலந்த நிறம் அல்ல. நிறமற்ற கண்ணாடியின் மேல் எனாமல் பூசிச் சூளையில் சுட்டது. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவிய முறை இது. ஈயப் பட்டியால் துண்டு துண்டாகப் பிரிக்காமல், ஒரே கண்ணாடியில் பல நிறங்களை வைத்து வரைய முடிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் ஆபிரகாம் வான் லிங்கே 1630களில் தீட்டிய யோனா சன்னல் இந்தக் கலையின் அழகுக்கு நல்ல சான்று.

எனாமலும் கண்ணாடித் தூள்தான். நிறத்துக்கு உலோக ஆக்சைடு சேர்ப்பார்கள், நீலத்துக்குக் கோபால்ட். அடிக் கண்ணாடி இளகும் முன்பே, ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸில், எனாமல் உருகி ஒட்டியாக வேண்டும். அதற்காக ஈய ஆக்சைடும், பொட்டாசியம், சோடியம் போன்ற காரங்களும் கூடுதலாகப் போகும். சிக்கல் இங்கேதான். காரம் கூடினால் உருகுநிலை இறங்கும். கூடவே ஈரத்தைத் தாங்கும் சக்தியும் இறங்கும். கண்ணாடியில் வேர்க்கும் நீர் காரத்தை மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தான் புகுந்துகொள்கிறது. அந்த அடுக்கு காயும்போது சுருங்கி, நுண்ணிய விரிசல் விடுகிறது. போதாக்குறைக்கு, வெயிலில் எனாமலும் அடிக் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை. கடைசியில் செதில் செதிலாக உதிர்கிறது. பழைய நீல எனாமல்கள் பலவற்றில் பொட்டாசியம் மிகுதி என்பதால் அவைதான் முதலில் போகின்றன. இரும்பு ஆக்சைடும் ஈயக் கண்ணாடியும் கலந்த பழுப்புக் கோடுகள் நம் சன்னலில் இன்றும் உறுதியாக இருக்கின்றன.

மீண்டும் நீலம் பூசிச் சுட்டுவிடலாமே என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. சூளைச் சூட்டில் பழைய கண்ணாடி விரிசல் விடலாம், மிஞ்சிய எனாமலின் நிறமும் மாறலாம். பிறகு திரும்ப வழியே இல்லை. பழைய வண்ணக் கண்ணாடிகளை ஆராயும் சர்வதேச அமைப்பான ‘கார்ப்பஸ் விட்ரேயாரும்’ வெளியிட்ட 2004ஆம் ஆண்டு நெறிமுறைகளும் குறைந்தபட்சத் தலையீட்டையே வலியுறுத்துகின்றன. உதிரும் நிலையில் இருந்த செதில்களைப் பணியாளர்கள், நுண்ணோக்கியில் பார்த்தபடி, நுனித் தூரிகையால் பாரலாய்டு பி-72 பிசின் கரைசலை ஓரத்தில் ஊறவிட்டு நிலைநிறுத்தினார்கள். முகம் சிதைந்திருந்த ஒரே இடத்தில் மட்டும், பின்னால் மெல்லிய புதுக் கண்ணாடி வைத்து அதில் லேசாக நிறம் கொடுத்தோம். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

செலவின் பெரும்பகுதி கண்ணில் படாத வேலைக்குப் போயிற்று. பழைய சட்டத்தில் வெளிப்புறம் சாதாரணக் கண்ணாடி மழையைத் தாங்குகிறது. வண்ணக் கண்ணாடி சற்று உள்ளே தள்ளி, தனிச் சட்டத்தில் நிற்கிறது. நடுவிலுள்ள இடைவெளிக்கு மேலும் கீழும் திறப்பு உண்டு. ஆலயத்துக்குள் இருக்கும் காற்றே இரு பக்கமும் ஓடுவதால் எனாமல் மேல் நீர் வேர்ப்பது பெரிதும் குறையும். எங்கள் கணிப்பில் இந்தத் திருப்பணியின் உயிரே இதுதான்.

இனிச் சன்னலை யாரும் துணியால் துடைக்க வேண்டாம், ஈரத்துணி அறவே கூடாது. பண்டிகை அலங்காரத்தின்போது அந்தத் திறப்புகளைத் துணியோ பூவோ மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் கணக்கும் அலுவலகத்தில் உள்ளன. உறுப்பினர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

திருப்பணிக் குழு